பக்கத்தில் படுத்தவர்கள்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரும் கொமுட்டர் ரயிலில் அண்மையில் ஒரு பையன் விழுந்தான். கல்லூரி மாணவனாக இருக்கலாம். சுபாங் ஜெயா தாண்டியதும் கம்பியைப் பிடித்திருந்த கை விறைத்தது, அப்படியே சாய்ந்தான். எதிர் இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து நின்று, "இரும்பு! யாராச்சும் இரும்பு குடுங்கய்யா, சாவி குடுங்க!" என்று சத்தம் போட்டார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பையைத் துழாவினார்கள். ஒருவரிடமும் சாவி இல்லை. ஒரு மலாய்க்காரர் கார் ரிமோட்டை நீட்டினார். ஒரு சீனப்பெண் கழுத்தில் தொங்கிய கொண்டோ அட்டையைக் கழற்றித் தந்தாள். அந்த அம்மா இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பிளாஸ்டிக்கு" என்றார்.

அதற்குள் நான் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தேன். தலைக்கடியில் என் துப்பட்டா. வாயில் எதையும் திணிக்க விடவில்லை. கை காலை அமுக்கிப் பிடிக்கவும் விடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. பெட்டாலிங் நிலையம் வருவதற்குள் கண்ணைத் திறந்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து வெட்கப்பட்டான். "நீங்க மிஸியாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். எங்கள் ஊரில் தாதிகளை மிஸி என்போம். இல்லையென்று தலையாட்டினேன்.

ஒன்பது வயதிலிருந்து வலிப்போடு வாழ்கிறவள் நான். ஆனால் எதிரே ஒருவருக்கு வலிப்பு வருவதை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். எனக்கு வருவதெல்லாம் தூக்கத்தில். தூங்குகிறவளுக்கு என்ன தெரியும்? என் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சொன்னது.

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்ஃபீல்ட்ஸில் 1905 வாக்கில் வெள்ளைக்காரர்கள் ரயில்வேக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்பார்கள். பிறகு எல்லாவற்றையும் இடித்தார்கள். வாசலில் ஒரு பெரிய பூட்டு. அதற்கு உள்ளங்கை நீளத்தில் ஓர் இரும்புச் சாவி. அந்தக் கனத்தில் இப்போது யாரும் சாவி செய்வதில்லை.

இரவானால் கூடத்தில் பாய். அம்மா, அக்கா, நான், தம்பி. இரவு மாத்து (ஷிஃப்ட்) இல்லாத நாளில் வாசல் ஓரமாக அப்பா. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாட்டி வந்திருந்தால், அவர் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு படுப்பார். சுவர் ஓரத்துக்கு எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. மின்விசிறிக் காற்று அங்கே எட்டாது. ஆனால் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டால் ஜில்லென்று இருக்கும். பெரும்பாலும் அக்காதான் ஜெயிப்பாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

முதல் இரவு பற்றி அக்கா சொன்ன கதை இது. நான் அவளை உதைத்தேனாம். பதிலுக்கு அவளும் ஓர் உதை விட்டாளாம். "நீ நிறுத்தவே இல்ல. சரி, இன்னிக்கு ஒரு கை பாத்துடுவோம்னு எழுந்தேன்" என்பாள். எழுந்தவளுக்கு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் கேட்டிருக்கிறது. விளக்கைப் போட்டால் என் கண் திறந்தே இருக்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. அம்மா அலறியிருக்கிறார். பாட்டி மட்டும் அலறவில்லை. நேரே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாராம். தோட்டத்து லயத்தில் இப்படி எத்தனை பார்த்திருப்பார். இரும்பு கைக்கு வந்ததும் அடங்கிவிட்டது என்று கடைசிவரை நம்பினார். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். அந்த நேரம் கையில் வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்திருந்தாலும் பெயர் வெள்ளரிப்பிஞ்சுக்குத்தான் போயிருக்கும்.

மறுநாள் யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடுவாள் என்று பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். அக்கா வாயையும் அடைத்துவிட்டார்கள். நானாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சில காலைகளில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. நாக்கின் ஓரம் காயம். பசியாற உட்கார்ந்தால் சம்பல் பட்டுக் கண்ணில் தண்ணீர் வரும். நான் படுத்திருந்த பாய் மட்டும் கழுவிக் கொல்லையில் காயும். தலையணை காணாமல் போயிருக்கும். காலையில் எழுந்ததும் உள்ளங்கையில் விழிக்க வேண்டும், அங்கே லட்சுமி இருக்கிறாள் என்று பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தார். நான் சாவித் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வலது உள்ளங்கையில் அதன் பற்கள் பதிந்து சிவந்திருந்தால், நேற்றிரவு ஏதோ நடந்திருக்கிறது. இல்லையென்றால் பள்ளிக்கூடம்.

வைத்தியம் மூன்று இனத்திலும் பார்த்தார்கள். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வேண்டுதல், கையில் மந்திரித்த கயிறு. அடுத்த வரிசை மலாய் அம்மா அழைத்துப்போன போமோ, அதாவது மலாய் மந்திர வைத்தியர், எலுமிச்சம்பழத்தை வெட்டி ஏதோ ஓதினார். மளிகைக்கடைச் சீனர் ஒரு கறுப்புப் பொடி கொடுத்தார். அதை அம்மா எனக்குக் கொடுக்கவில்லை, அவர் மனம் நோகக் கூடாதென்று வாங்கி மட்டும் வைத்துக்கொண்டார். மலாயில் இந்த நோய்க்குப் பன்றியைச் சேர்த்துச் சொல்லும் ஒரு பெயர் உண்டு. அதை யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அம்மாவின் பெரிய பயம். நோய்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பார்வையற்றோர் சங்கம் அங்கேதான், அவர்களுக்கான பயிற்சியும் அங்கேதான். வெள்ளைக்கோல் தட்டும் ஓசை கேட்டால் யாரும் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். வேலையை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டுத் திரும்பி வருவார்கள். மீ கோரெங் கிண்டுகிறவர்கூட நெருப்பைத் தணித்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தெருவில்தான் எங்கள் வீட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு என் நோயை மறைத்தார்கள். இரவில் வருவது, பகலில் அடையாளமே இல்லாதது. மறைக்க முடிகிறது என்பதாலேயே மறைத்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் இரவு மாத்து முடிந்து அப்பா விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்த நேரம் எனக்கு வந்திருக்கிறது. அவர் அதுவரை பார்த்ததில்லை. அன்று காலையே, தூங்காமல் கொள்ளாமல், என்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். கோயிலும் வேண்டாம், கயிறும் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குப் பாட்டி ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

அங்கே மூளையின் மின்னோட்டத்தைத் தாளில் கோடுகளாக வரைகிற ஈஇஜி எடுக்க வேண்டும் என்றார்கள். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியர் 1929இல் உலகுக்குச் சொன்ன முறை அது. எனக்கு எடுக்க வேண்டியதோ தூக்கத்தில். அதற்கு முந்தைய இரவு முழுக்க நான் விழித்திருக்க வேண்டும், களைத்துப்போய் ஆஸ்பத்திரியில் தூங்க வேண்டும். நான் தூங்கும்போது எனக்காக விழித்திருந்து பழகிய அம்மாவும் அக்காவும், அன்று நான் தூங்காமல் இருப்பதற்காக விழித்தார்கள். தாயம் ஆடினோம். நள்ளிரவில் மைலோ. மூன்று மணிக்கு மேல் அக்கா தலையைச் சுவரில் சாய்த்தாள். நான் அவளை எழுப்பி, "தூங்கக் கூடாதாம்" என்றேன். அந்தக் கோபத்தை அவள் இன்றுவரை விடவில்லை. காலையில் தலைமுடிக்குள் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். பசை போவதற்குச் சீயக்காய் போதவில்லை.

தமிழ் பேசுகிற மிஸி ஒருவர் டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு விளக்கினார். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் இயங்குகின்றன. எங்கோ ஓர் இடத்தில் கோளாறான மின்துடிப்பு கிளம்பினால் அந்தத் தாளத்தில் ஏறிச் சுலபமாகப் பரவிவிடும். கனவு காணும் கட்டத்தில் தாளம் கலைந்து ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இயங்கும். அப்போது வலிப்பு வருவது அபூர்வம். இதில் அம்மா பிடித்துக்கொண்டது கடைசி வரியை மட்டும். அன்றிலிருந்து விளக்கை அணைக்கும்போது, "கண்ணு, நிறையக் கனவு காணு" என்பார். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களும் அப்படிச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அது மருத்துவ ஆலோசனை.

பிறகு மாத்திரை. டைலாண்டின் என்ற பெயரில் வந்த ஃபெனிடாயின். வலிப்பை அடக்கும் என்று 1938இல் மெரிட், பட்னம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டறிந்த மருந்து, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதுவே பெரிய ஆயுதம். வலிப்பு குறைந்தது. ஈறு வீங்கிப் பல்லை மூடத் தொடங்கியது. அது அந்த மருந்தின் பக்கவிளைவு என்று யாரும் முதலில் சொல்லவில்லை. நான் சரியாகப் பல் துலக்குவதில்லை என்று உமிக்கரி கொண்டு பாட்டி தேய்த்துவிட்டார். வகுப்புப் புகைப்படங்களில் வாயை மூடிக்கொண்டு நிற்பவள் நான்தான். பின்னால் எப்பிலிம் என்கிற சோடியம் வால்ப்ரோயேட்டுக்கு மாற்றினார்கள். ஈறு மெல்ல மெல்ல இறங்கியது.

இந்த நோயில் எனக்கு அடுத்த எதிரி கண்விழிப்பு. தைப்பூசத்துக்கு முந்தின இரவு, நகரத்து மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படும். தெருவே கிளம்பி ரதத்தின் பின்னால் நடக்கும். தோழிகள் எல்லோரும் பாவாடை தாவணியில் போவார்கள். எனக்கு ஒன்பது மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்குப் படுக்கை. வெளியே போகிறவர்களின் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். எனக்குத் துணையாக அக்காவும் போகாமல் இருந்துவிடுவாள். அந்த வயதில் ஒரு பெண்பிள்ளை தைப்பூசத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவளாகத்தான் எனக்குச் சுவர் ஓரத்தை விட்டுக்கொடுத்ததும். சுவரும் அவளுமாக இரண்டு பக்கம் அணை. நான் உருண்டு எங்கும் போக முடியாது.

1988 சியோல் ஒலிம்பிக்கைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்கு ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. அந்த நீண்ட நகங்கள், பறக்கும் கூந்தல், மூன்று தங்கம். அந்த ஆண்டு அவர் நூறு மீட்டரை 10.49 விநாடியில் ஓடிய கணக்கைப் பெண்களில் இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. எங்கள் தெருவில் நாங்கள் நாலைந்து பேர் நகம் வளர்க்க ஆரம்பித்தோம். அக்கா என் நகத்தை மட்டும் விடாமல் வெட்டினாள். தூக்கத்தில் கையை இறுக்கினால் சதையில் குத்துமாம்.

பத்து ஆண்டு கழித்து, ஆசியாவில் முதன்முறையாகக் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி. அப்பா ஓய்வு பெற்றுக் குடும்பம் கிள்ளானுக்குப் போயிருந்தது. நான் வேலை பார்த்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவில் வாடகை அறையில் இருந்தேன். கூட இருந்தவள் ஒரு கிளந்தான் பெண். முதல் நாளே என் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பதில் சொல்லாமல் தன் கட்டிலை என் கட்டிலோடு இழுத்துச் சேர்த்தாள். "தக் அப்பா, அக்கு அடா" என்றாள். பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்று. அந்த வருஷங்களில் எனக்கு வந்தவற்றை எல்லாம் பார்த்தது அவள்தான். வந்தால் குர்ஆன் வசனம் ஓதுவாளாம். என் அக்கா அதற்கு முன்பே அவளைத் தொலைபேசியில் பிடித்து, ஒருக்களித்துப் படுக்கவை, மல்லாக்கவோ குப்புறவோ விடாதே என்று மலாயில் பாடம் நடத்தியிருந்தாள்.

1998 செப்டம்பர் 21 அன்று புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நிறைவு விழா. ஊரே வாணவேடிக்கை. அதே தேதியில் கலிபோர்னியாவில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 38. ஊக்கமருந்தாக இருக்கும் என்று உலகம் வாய்க்கு வந்தபடி பேசியது. ஒரு மாதம் கழித்துப் பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது: மூளையில் பிறவியிலேயே இருந்த ரத்தநாளக் கோளாறு, அதனால் தூக்கத்தில் வலிப்பு, அதில் மூச்சு முட்டி மரணம்.

அம்மா அதைத் தமிழ்ப் பத்திரிகையில் படித்திருக்கிறார். மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தால், அறை வாசலில் ஒரு பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரசம் வைத்தார். கிளந்தான் பெண்ணுக்கு அதை அடக்கமுடியாமல் பிடித்துப்போய் மூன்று கோப்பை குடித்தாள். இரண்டு கட்டிலுக்கும் கீழே பாயை விரித்து அம்மா படுத்துக்கொண்டார். வாரக் கடைசிவரை இருந்தார்.

வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் அளவில், வேறு காரணம் எதுவும் அகப்படாமல் திடீரென்று இறக்கிறார்கள். இரவில் பெரிய வலிப்பு வருகிறவர்களுக்கு அபாயம் கூடுதல். பலர் படுக்கையில், குப்புறக் கிடந்த நிலையில், தனியாக. இதை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு டாக்டர் உடைத்துச் சொன்னார். வெகுகாலம் டாக்டர்களே நோயாளிகளிடம் இதைப் பேசத் தயங்கினார்கள். அதே டாக்டர் சொன்ன இன்னொன்று: அறையில் இன்னொருவர் உடன் படுத்திருந்தால் அந்த அபாயம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குவார்ட்டர்ஸ் கூடத்தில் அறை இல்லாத ஏழ்மையில் வரிசையாகப் படுத்தோம். மகளுக்குத் தனி அறை வேண்டும் என்று பின்னாளில் அப்பா கடன் வாங்கிக் கிள்ளானில் மூன்று அறை வீடு வாங்கினார். அந்த அறையில் நான் ஒருநாளும் தனியாகப் படுக்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோது சொந்தத்தில் பாதிப் பேர் சொல்ல வேண்டாம் என்றார்கள். "ராத்திரியில்தானே வருது, மெதுவாத் தெரிஞ்சுக்கட்டும்." ராத்திரியில் வருவது கணவனுக்குத்தானே முதலில் தெரியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஒரு மாமா இன்னும் ஒரு படி போனார். இந்தியாவில் வலிப்பு உள்ளவருக்குக் கல்யாணமே சட்டப்படி செல்லாது, வெளியில் சொல்லாதீர்கள் என்றார். அங்கே இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது உண்மை. 1999இல்தான் வலிப்பு என்ற சொல்லை அதிலிருந்து நீக்கினார்கள். எங்கள் நாட்டுச் சட்டம் வேறு. மாமாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அக்காதான் ஒரே பிடியாக நின்றாள். பெண் பார்க்க வந்த அன்றே, காப்பித் தட்டு காலியாகுமுன், எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

கூடத்தில் அமைதி. மாப்பிள்ளை போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, அதுவரை பேசாமல் இருந்த அம்மா குறுக்கே ஒன்று கேட்டார்.

"தம்பி, நீங்க ராத்திரி எப்படித் தூங்குவீங்க?"

அவர் சங்கடமாகச் சிரித்தார். பிறகு, தனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று நிரூபிக்கிற பெருமையோடு, "படுத்தா போதும் அத்தை, இடி விழுந்தாலும் எழும்ப மாட்டேன்" என்றார். அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. சம்பளம், வீடு, ஜாதகம் எதிலும் குறை காணாதவர், "நல்ல பிள்ளைதான், ஆனா இப்படி அசந்து தூங்குறவனுக்கு எப்படிக் குடுக்கறது" என்று இரண்டு நாள் புலம்பினார்.

கல்யாணம் நடந்தது. அவர் சொன்னது உண்மை. இடி விழுந்தாலும் எழும்பாதவர். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். என் வலது மணிக்கட்டையும் தன் இடது மணிக்கட்டையும் ஒரு பழைய துண்டால் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தார். நான் ஆடினால் அவர் கை ஆடும். ஒருமுறை மாமியார் காலையில் கதவைத் திறந்து இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய், மதியம் தன் மகளிடம் என்னைக் கொடுமைக்காரி என்று சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் துண்டு நைந்துவிட்டது, புதுசாக வாங்கு என்று அவரே மகனுக்குக் காசு கொடுத்தார்.

குழந்தைக்குத் திட்டமிட்டபோது மருந்தை மாற்றினார்கள். வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் சிசுவின் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. லாமோட்ரிஜினுக்கு மெல்ல மெல்ல மாறினேன், ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்ந்தது. மகள் பிறந்த பிறகு வந்த சிக்கல் இரவுப் பால். தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு. மாமியார் இரவுக் குழந்தையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். நான் பகலில் கட்டிலில் உட்காராமல், தரையில் உட்கார்ந்தே பால் கொடுத்தேன். கண்ணயர்ந்து ஏதாவது ஆனாலும் பிள்ளை உயரத்திலிருந்து விழாது.

கைபேசியில் படம் பிடிக்க முடிந்த காலம் வந்தபோது, இரவில் வருவதைப் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார் டாக்டர். கெட்ட கனவில் அலறுவது, தூக்கத்தில் நடப்பது, வலிப்பு மூன்றையும் சொல்லக் கேட்டுப் பிரிப்பது கடினம். இத்தாலியில் பொலோனா நகரத்து லுகாரேசி என்ற டாக்டர் 1981இல் தூங்குகிறவர்களைப் படம் பிடித்துப் பார்த்து எழுதிய பிறகுதான், இரவுக் கூத்து என்று ஒதுக்கிய பலருக்கு இருந்தது வலிப்பே என்று தெளிவாகத் தொடங்கியது. என் கணவர் பதிவு செய்தார். ஆனால் என்னிடம் காட்ட மறுத்தார். டாக்டரின் அறையில் அதைப் போட்டபோது நானும் எட்டிப் பார்த்தேன்.

முதலில் கண் திறக்கிறது. தலை மெல்ல இடது பக்கம் திரும்புகிறது. வலது கை விறைத்து மடங்குகிறது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல இறுகுகின்றன. பிறகு அக்கா சொன்ன அந்தச் சத்தம். அதற்குமேல் உடம்பு முழுவதும். நான் எதிர்பார்த்த அளவுக்குப் பயங்கரமாக இல்லை, அதைவிட அசிங்கமாக இருந்தது என்று சொல்லலாம். ஆனால் என் கவனம் அதில் நிற்கவில்லை. படத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை வருகிறது, என் தோளைப் பிடித்துப் புரட்டுகிறது, கன்னத்துக்கடியில் மடித்த துண்டை வைக்கிறது. கணவரின் குரல், யாருக்கோ தாலாட்டு மாதிரி, "ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சு" என்கிறது. இத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. டாக்டர் பதிவைப் பின்னோக்கி நகர்த்தி நகர்த்தித் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வருவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. மகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கித் தந்தாள். உடம்பு தாளம் தப்பாமல் ஆடினால் அவள் கைபேசியில் மணி அடிக்குமாம். ஒருநாள் நான் துவையலுக்குத் தேங்காய் துருவும்போது அடித்து, அவள் அலுவலகத்திலிருந்து பதறிக் கூப்பிட்டாள்.

கொமுட்டர் சம்பவத்தை அக்காவிடம் சொல்லத்தான் அன்று மறுபடி கிள்ளானுக்குப் போனேன். அவள் சாவிக் கதைக்குச் சிரித்துவிட்டு, நீ வந்தது நல்லதாப் போச்சு, கிளினிக்குக்கு வா என்றாள். அவளுக்குச் சில காலமாகத் தூக்கம் இல்லை. இளம் டாக்டர், கணினியில் தட்டிக்கொண்டே, "எத்தனை நாளா ஆண்ட்டி இப்படி?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் கையைக் காட்டி, "இவளுக்கு ஒன்பது வயசுலேர்ந்து" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். அக்கா நடுவில் புகுந்து, தாயம் ஆடிய ராத்திரி நான் அவளை எழுப்பியதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் சிரித்து, மாலைக்கு மேல் காப்பி வேண்டாம், படுக்கையில் கைபேசி வேண்டாம் என்று சொல்லி, லேசான மாத்திரை ஒன்று எழுதினார். ஜாலான் தெங்கு கிளானா வழியாக நடந்து வரும்போது அக்கா அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"மாத்திரை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு இங்கயே படுத்துக்க. மச்சான் தனியாத் தூங்கட்டும்."

"சரி. ஆனா சுவர் ஓரம் எனக்கு."

"உனக்கெதுக்கு? கட்டில்ல ஏறுடி. நான் கீழ சுவர் ஓரமாப் படுத்துக்கறேன்" என்றாள். வழியில் இருந்த கடையில் பூக்காரியிடம் முழம் என்ன விலை என்று கேட்டு, சொன்ன விலைக்கு அவளோடு சண்டை போடத் தொடங்கினாள்.